கண்ணாடியில் தெரிந்த வெளிச்சம்

போன வாரம் நம் டெப்போ வாட்ஸப் குழுவில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் "பனிக்கு எந்த கிளவுஸ் நல்லா இருக்கும்?" என்று கேட்டிருந்தார். பத்து நிமிஷத்துக்குள் இருபது பேர் பதில் போட்டுவிட்டார்கள். ஒருவர் ஆன்லைனில் விற்கிற கிளவுஸின் படத்தை அனுப்பினார். ஒருவர் தோல்தான் நல்லது என்றார். இன்னொருவர் "கல்யாணம் பண்ணிக்கோ, குளிராது" என்று எழுதி வரிசையாகச் சிரிப்பு பொம்மைகளை ஒட்டியிருந்தார். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், "ரிட்டயர்டு அண்ணன கேளுங்கப்பா, முப்பது பனி பாத்தவரு" என்று என்னைக் கோத்துவிட்டார்.

நாலு நாளாக எழுதி எழுதி அழித்தேன். கிளவுஸைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை. பனிக்காலத்து விடியற்காலையில் பைக்கில் டூட்டிக்கு வருவதைப் பற்றி நான் வாயைத் திறந்தால், அந்தோணியைச் சொல்லாமல் மூட முடியாது. என் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு மனிதனை நான் பனியில் விட்டுவிட்டு வந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமாக இருக்கும். அவசரக்காரர்கள் முதல் பாதியைப் படித்து கிளவுஸை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

என்னை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் டிரைவர். செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு விடியற்காலை நாலு ஐம்பதுக்குக் கிளம்புகிற முதல் பஸ் பல வருஷம் என் கையில் இருந்தது. வீடு பனமலைக்குப் பக்கத்தில். ஊருக்கெல்லாம் முதல் பஸ் எடுக்கிறவனுக்கு அந்தப் பஸ்ஸிடம் போய்ச் சேர பஸ் கிடையாது. நாம் எடுத்தால்தானே முதல் பஸ். அதனால் மூன்றரைக்கெல்லாம் பைக்கை உதைத்துக் கிளப்பி, அனந்தபுரம் வழியாக இருட்டில் செஞ்சிக்கு வர வேண்டும். நாலரைக்கு டைம் கீப்பர் முன்னால் நிற்காவிட்டால் டூட்டி வேறு ஆளுக்குப் போய்விடும், நமக்கு ஆப்சென்ட் விழும்.

ஊட்டிக்காரன் நம் குளிரைக் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் மார்கழியில் ஏரிக்கரையோரம் ஈரப்பனிக்குள் ஒரு மணி நேரம் பைக் ஓட்டிப் பார்க்கட்டும். டெப்போவுக்கு வந்து ஸ்டீரிங்கைப் பிடித்தால் பத்து நிமிஷத்துக்கு விரல் நம்முடையதாக இருக்காது. எனக்குக் குளிரைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அந்த இருட்டில் வரும்போது, விளக்கு எரியாத ஒவ்வொரு வீட்டையும் பார்த்து எனக்கு எரிச்சல் வரும். உள்ளே போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள், நான் மட்டும் என்ன பாவத்துக்குப் போகிறேன் என்று தோன்றும். மார்கழி முழுக்க நான் யாரோடும் நன்றாகப் பேசியதில்லை. என் மனைவி அந்த மாதத்தில் என்னிடம் எதையும் கேட்க மாட்டாள். இந்தக் குணத்தை நான் சும்மா சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

சரி, முதலில் உபயோகமானதைச் சொல்லிவிடுகிறேன். கிளவுஸ் எதுவாக இருந்தாலும் போட்டுக்கொண்டு கிளட்ச்சைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். தடிமனாக இருந்தால் விரல் சூடாக இருக்கும், கிளட்ச் எங்கே இருக்கிறதென்று தெரியாது. நெஞ்சில் காற்று ஏறாமல் இருக்க நேற்றைய பேப்பரை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்து, அதன்மேல் ஸ்வெட்டர் போடுங்கள். ஹெல்மெட் கண்ணாடியை முழுக்க மூடினால் மூச்சுக் காற்றில் வெள்ளையாகிவிடும், முழுக்கத் தூக்கினால் பனி கண்ணில் குத்தும். ஒரு விரல் இடம் விட்டு மூடுங்கள். மங்கி குல்லாவை மட்டும் ஹெல்மெட்டுக்குள் போடாதீர்கள். கதகதப்பாகத்தான் இருக்கும், ஆனால் காது அடைத்துவிடும். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தாலும் கேட்காது. நான் போட்டேன்.

அடுத்தது, அடுத்தவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு போவது. நான் சேர்ந்த முதல் வருஷம் ஒரு நாள் அப்படியொரு பனி, என் முன்சக்கரமே எனக்குத் தெரியவில்லை. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு போய்க்கொண்டிருந்தது. ஆஹா என்று அதைப் பிடித்துக்கொண்டேன். அது திரும்பினால் திரும்பினேன், மெதுவாகப் போனால் மெதுவாகப் போனேன். ரோடு கொஞ்சம் குலுக்குகிறதே என்று நினைத்தேன், நம் ரோடு குலுக்காமல் எப்போது இருந்தது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். விளக்கு நின்றது. நானும் நின்றேன். முன்னால் இருந்தது டிராக்டர், நாங்கள் நின்ற இடம் நெற்களம். டிராக்டர்காரர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாண்ணே, மூட்ட தூக்க வந்தியா?" என்றார். அன்றைக்கு எனக்கு ஆப்சென்ட். டெப்போவில் ஒரு மாதம் என்னை 'களத்துமேடு' என்று கூப்பிட்டார்கள்.

யாருடைய விளக்கு என்று தெரியாமல் பின்னால் போகக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. பாதிதான் புரிந்தது. மீதிப் பாதி புரிய இன்னொருவன் விழ வேண்டியிருந்தது.

அந்தோணி என்னுடைய கண்டக்டர். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் கோயில் மணியும் மாதா சிலை வைத்த கெபியும் உள்ள ஒரு சின்ன ஊர் அவனுக்கு. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். டிக்கெட் கிழிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பான். திண்டிவனம் போவதற்குள் பஸ்ஸில் இருக்கிற பாதிப் பேரின் குடும்பக் கதை அவனுக்குத் தெரிந்துவிடும். கிளவுஸ் போட மாட்டான். பழைய சாக்ஸைக் கையில் மாட்டி, கட்டை விரலுக்கு ஓட்டை போட்டு வைத்திருப்பான். "சில்லறை எண்ணணும்ல, வெரலு செத்துடக் கூடாது" என்பான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வருவோம். பனிக்காலத்தில் நம் டெப்போக்காரர்கள் ஒரே வழியில் வந்தால் ஜோடி சேர்ந்து வருவது அப்போது வழக்கம். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் அனந்தபுரம் கடைத்தெரு முனைக்கு வருகிறவன் அடுத்தவனுக்காகக் காத்திருப்பான். பிறகு ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு வருவான். ரோட்டில் நெல் காய்ந்தாலோ, மாடு படுத்திருந்தாலோ, விளக்கில்லாமல் வண்டி நின்றாலோ, முன்னால் போகிறவன் பிரேக்கை இரண்டு முறை மிதித்து விளக்கைக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டேன் என்பதற்குப் பின்னால் இருப்பவன் ஹெட்லைட்டை ஒரு முறை டிம் பண்ணுவான். ஒவ்வொரு வளைவு தாண்டியதும் முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்ப்பான். பின்னால் வெளிச்சம் தெரிந்தால் போய்க்கொண்டிருப்பான். தெரியாவிட்டால் நிற்பான்.

என் வண்டியின் ஹெட்லைட் நல்ல பிரகாசம். அதனால் எப்போதும் நான் முன்னால், அவன் பின்னால். ஐந்து மார்கழி அப்படியே வந்தோம்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி அது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. அவன் விழுவதற்கு முந்தின நாள் டூட்டி முடிந்து கிளம்பும்போது, டெப்போ வாசலில் நாலு பேர் நிற்கிறபோது அந்தோணி சொன்னான்:

"அண்ணே, இப்பல்லாம் நீ ரொம்ப முறுக்கிக்கினு போற. உன் லைட்டு உட்டுப் போவுது. ஏரி வளைவுல எனக்கு ஒன்னுமே தெரில. கொஞ்சம் மெதுவா போண்ணே."

நியாயமான பேச்சு. எனக்குத்தான் சுருக்கென்றது. நாலு பேர் முன்னால் என் ஓட்டத்தைக் குறை சொல்லிவிட்டானே என்று. மார்கழியில் என் குணம் எப்படி என்று சொன்னேனே.

"வண்டி ஓட்டத் தெர்லன்னா ஸ்டெல்லாவ ஓட்டச் சொல்லிட்டுப் பின்னாடி ஒக்காந்து வா" என்றேன். ஸ்டெல்லா அவன் மனைவி. நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தோணியும் சிரித்தான். ஆனால் வண்டியை எடுக்கும்போது வழக்கமாகச் சொல்கிற "வரேண்ணே" அன்றைக்கு இல்லை.

மறுநாள் அனந்தபுரம் முனையில் எனக்கு முன்பே வந்து நின்றான். நான் வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனேன். கண்ணாடியில் அவன் வண்டி கிளம்புவது தெரிந்தது. அதற்குப் பிறகு குல்லாவுக்குள் எனக்கு என் மூச்சுச் சத்தம்தான்.

பனி கொட்டியது. வழியில் ஒரு ஊரில் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது, குல்லாவையும் மீறிப் பாட்டு கேட்டதே தவிர கோயில் தெரியவில்லை. ஏரி வளைவைத் தாண்டினேன். கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வருவான் என்று ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைத்தேன். அடுத்த ஊர் தாண்டியதும் மறுபடி பார்த்தேன். கண்ணாடியில் ஒற்றை விளக்கு தெரிந்தது, மங்கலாக, சரியான தூரத்தில். அப்பாடா என்று இருந்தது. அத்தோடு, 'வந்துட்டான் பாரு, சும்மா வேஷம் போட்டான்' என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் விளக்கு இருந்தது.

செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலையே தெரியாத காலை அது. டெப்போ விளக்கைப் பார்த்த பிறகுதான் ஊர் வந்தது என்று தெரிந்தது. வாசலில் வண்டியை நிறுத்தி, குல்லாவைக் கழற்றிக்கொண்டு திரும்பினேன். பின்னால் வந்த வண்டியும் நின்றது. அதன் சீட்டில் சாக்கு மூட்டை கட்டியிருந்தது. ஓட்டி வந்தவரை நான் பார்த்ததே இல்லை. செஞ்சி மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போகிறவர். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, நீ நல்லா இருக்கணும். ஏரி தாண்டி ரோட்ல ஏறுனேன், ஒன்னும் தெரில. உன் லைட்ட புடிச்சிக்கினேதான் வந்து சேந்தேன்."

அவர் போய்விட்டார். நான் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தேன். பனிதான் இருந்தது.

போன் பண்ணினேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான் என்று நினைத்தேன். மறுபடி பண்ணினேன். டைம் கீப்பர் ஜன்னலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "இன்னாய்யா, கண்டக்டர் எங்க?"

"வந்துக்கினு இருந்தான் சார். காணோம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துட்றேன்."

"மணிய பாத்தியா? நாலு நாப்பது. போய்ட்டு எப்ப வருவ? பஞ்சர் ஆயிருக்கும். ஸ்பேர் கண்டக்டர் இருக்காரு, நீ வண்டிய எடு. ஜனம் நிக்குது பாரு."

ஜனம் நின்றது உண்மை. குளிரில் முக்காடு போட்டுக்கொண்டு முப்பது பேர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு அம்மா புருஷனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ் போகுமா போகாதா என்று என் முகத்தையே பார்த்தார். திண்டிவனத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினார்கள். டைம் கீப்பர் மேல் தப்பில்லை. பஞ்சர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நான் பஞ்சர் என்று நினைக்கவில்லை. நேற்றுப் பேசிய பேச்சுக்குக் கோபித்துக்கொண்டு பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டான், வேண்டுமென்றே போனை எடுக்காமல் இருக்கிறான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். 'இரு, நாளைக்கு வச்சுக்கிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். நாலு ஐம்பதுக்குச் சரியாக எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட லேட் இல்லை.

திண்டிவனம் ஸ்டாண்டில் டீயை வாயில் வைக்கும்போது போன் வந்தது. டைம் கீப்பர்.

"அந்தோணி ஏரி வளைவுல கெடந்தானாம். பால் வண்டிக்காரங்க பாத்து ஆம்புலன்ஸ்ல ஏத்தி உட்டுருக்காங்க. உசுரு இருக்குது. நீ டென்ஷன் ஆவாத. வண்டிய பத்திரமா கொண்டாந்து சேரு."

பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். அந்த வழியில் எந்த ஸ்டாப்பில் நின்றேன், யார் ஏறினார்கள், எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. வெயில் வந்து பனி விலகி ரோடு நன்றாகத் தெரிந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. 

கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று, டிராக்டர் இல்லாமல், விளக்கு இல்லாமல், வளைவில் ரோட்டோரமாகப் பாதி உள்ளே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தோணி நேராக அதில் மோதியிருக்கிறான். ஒன்றரை மணி நேரம் பனியில் நனைந்துகொண்டு புல்லில் கிடந்திருக்கிறான். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பண்ணியதுதான்.

ஒன்றரை மணி நேரம் முன்பே கொண்டுபோயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம். இன்று வரை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒற்றை சாக்ஸ், கட்டை விரலுக்கு ஓட்டை போட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதானண்ணே முன்னாடி போனீங்க? உங்களுக்கு அந்த வண்டி தெரிலயா?"

அவள் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பனிம்மா" என்றேன். "எனக்கே ஒன்னும் தெரில."

இதுவரை எழுதியதில் பெரும்பகுதி டெப்போவில் பழைய ஆட்களுக்குத் தெரியும். பூக்காரர் கதையை நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 'பாவம், நீ இன்னா பண்ணுவ, கண்ணாடில லைட்டு தெரிஞ்சா யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பான்' என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே நான் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லாதது ஒன்று இருக்கிறது. டிரெய்லர் எனக்குத் தெரிந்தது.

ஏரி வளைவில் கடைசி நேரத்தில் கரும்புத் தோகை என் ஹெட்லைட்டில் பட்டது. ஹேண்டிலை ஒடித்து ஒரு சாண் இடைவெளியில் விலகினேன். அந்த நொடியிலேயே கால் பிரேக் மேல் போனது. ஐந்து வருஷப் பழக்கம், நினைக்காமலே போகும். ஆனால் நான் நினைத்தேன். 'என் ஓட்டத்துக்குக் குறை சொன்னான்ல, அவனே பாத்துக்கட்டும்' என்று நினைத்தேன். கால் பிரேக் மேல் இருந்தது. மிதிக்கவில்லை.

அவன் சாக வேண்டும் என்றா நினைத்தேன்? இல்லை. கொஞ்சம் பயப்படட்டும், பிரேக் அடித்துத் தடுமாறட்டும், டெப்போவுக்கு வந்து 'அண்ணே, நீ முன்னாடி போனாத்தான் சரி' என்று சொல்லட்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவன் ஹாரன் அடித்தானா, கத்தினானா, எனக்குத் தெரியாது. குல்லா போட்டிருந்தேன்.

அந்தோணி பிழைத்தான். பிழைத்தான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நடக்கிறான், சாப்பிடுகிறான். பேச்சு நிறைய குறைந்துவிட்டது. வேலைக்குத் திரும்பவில்லை. பெற்ற பிள்ளையின் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. என்னை மட்டும் எப்போதும் தெரிகிறது. அதை எனக்கான தண்டனை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வெயில் காலத்தில் பரவாயில்லை. பனி விழ ஆரம்பித்தால்தான் கஷ்டம். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்துவிடுகிறான். காக்கிச் சட்டையைத் தேடுகிறான். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வாசல் கதவைப் போட்டு இழுக்கிறான். பிடித்தால் கத்துகிறான். அவனுக்குக் குளிர்கிற காலையெல்லாம் அந்த ஒரே காலைதான். முதல் வருஷமே ஸ்டெல்லா எனக்குப் போன் பண்ணினாள். "நீங்க வந்து சொன்னா கேக்குறாருண்ணே." அன்றிலிருந்து மார்கழியிலும் தையிலும், டூட்டி இருந்தால் போகும் வழியில், ரிட்டயர்டு ஆன பிறகு அதற்கென்றே, மூன்றரைக்குக் கிளம்பி அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் வாசலில் பழைய வண்டி நிற்கிறது. விற்க விட மாட்டேன் என்கிறான். கிளப்பிவிடக் கூடாது என்று பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பான். நான் போய், "அந்தோணி, இன்னிக்கி பஸ்ஸு ஸ்ட்ரைக்குடா, போய்ப் படு" என்று சொன்னால் உள்ளே போய்விடுவான். எட்டு வருஷமாக தினமும் ஸ்ட்ரைக். ஒரு நாளும் அவன் சந்தேகப்பட்டதில்லை.

கிளவுஸ் கேள்வி குழுவில் வந்த பிறகு, இதை உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணினேன். முந்தாநாள் சாயங்காலம் போனேன். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டியிருந்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கால் பிரேக் மேல் இருந்ததையும் சொன்னேன். மிதிக்காததையும் சொன்னேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது. நான் கிளம்பி வண்டியை எடுக்கும்போது வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"காலைல வந்துடுவீங்க இல்ல?"

அவளுக்கு என்னை விரட்டக்கூட வழி இல்லை தம்பிகளே. அந்த மனுஷனை அடக்க இன்னொரு ஆள் கிடையாது. நான் செய்ததற்கு இதைவிடக் கேவலம் எனக்கு வேண்டாம்.

நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தால் அது உங்கள் ஆள் என்று முடிவு பண்ணாதீர்கள். ஏரி தாண்டியதும் வண்டியை நிறுத்துங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வந்த பிறகு போங்கள். பதில் வராவிட்டால் திரும்பிப் போங்கள், பஸ் லேட்டாகப் போகட்டும், ஜனம் திட்டட்டும், ஆப்சென்ட் விழட்டும். கோபம் இருக்கிற அன்றைக்கு முன்னால் போகாதீர்கள். பின்னால் போங்கள். இதையெல்லாம் கடைப்பிடித்தால் உங்களுக்கு நல்லது. எனக்கு இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

நேற்றுக் காலை போனேன். நல்ல பனி. ஸ்டார் வெளிச்சத்தில் அந்தோணி வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் சாக்ஸ். ஸ்டெல்லா கதவோரம் நின்றாள். ஸ்ட்ரைக் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சொன்னான்:

"நீ முன்னாடி போண்ணே. நான் உன் லைட்ட புடிச்சிக்கினு வந்துட்றேன்."

என்னால் ஸ்ட்ரைக் என்று சொல்ல முடியவில்லை. வண்டியைத் திருப்பி அவனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காலைப் பிரேக் மேல் வைத்து மிதித்தேன். விட்டேன். இன்னொரு முறை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்து அணைந்தது, மறுபடி விழுந்தது. அவன் பேட்டரி இல்லாத வண்டியின் டிம் ஸ்விட்சைக் கட்டை விரலால் ஒரு முறை தட்டினான்.

"பாத்துட்டேண்ணே" என்றான். "நீ போ."